பகிர்கோப்பும் திரை வாசிப்பானும்: உடன் பணியாற்றும் ஆசிரியருக்கு நம் எழுத்து எட்டுகிறதா?



சென்ற ஆண்டு ஐந்தாம் படிவ மாணவர்களுக்காக நாங்கள் நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பயிற்சித் தொகுப்பு தயாரித்தோம். ஆளுக்கொரு பள்ளி, ஆளுக்கொரு ஊர். அதனால் வேலை எல்லாம் இயங்கலையில்தான் நடந்தது. கேள்விகள் கூகுள் டாக்ஸில், பேச்சு வார்த்தை புலனத்தில், அதாவது வாட்ஸ்அப் குழுவில், வாரம் ஒருமுறை ஸூம் சந்திப்பு. நால்வரில் ஒருவர் பார்வையற்றவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இலக்கணத்தில் எங்கள் மூவரையும்விடக் கெட்டிக்காரர். மடிக்கணினியில் திரை வாசிப்பான் மென்பொருளை வைத்துக்கொண்டு வேலை செய்பவர்.

தொகுப்பில் ஒரு கேள்வி, ‘பிழை இருந்தால் திருத்துக’ என்பது. பிழையான வரி: ‘கவிஞர் பத்து பாடல்களை இயற்றினார்.’ விடை: ‘கவிஞர் பத்துப் பாடல்களை இயற்றினார்.’ எட்டு, பத்து என்னும் எண்ணுப்பெயர்களுக்குப் பின் வலி மிகும். எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என்று சொல்லிச் சொல்லியே நாம் பாடம் நடத்துகிறோம் அல்லவா? கோப்பைச் சுத்தம் செய்யும்போது விடைப்பகுதியில் இரண்டு வரிகளும் அடுத்தடுத்து இருந்தன. வேண்டாததை அடித்துவிடலாம் என்று குறுக்குக்கோடு போட்டேன். அவசரத்தில் தவறான வரியை அடித்துவிட்டேன். சரியான விடை அடிபட்டது. பிழையான வரி விடையாக நின்றது.

குழுவில் ‘எல்லாரும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்’ என்று போட்டேன். மூவரும் ‘சரி’ என்றார்கள். பார்வையுள்ள இருவரும் ஏன் கவனிக்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது. நம் கண், இல்லாத ‘ப்’-ஐயும் சேர்த்தே வாசித்துவிடும். ஆனால் அந்த டீச்சர்? எழுத்தெழுத்தாகக் கேட்டுத் திருத்துபவர் ஆயிற்றே!

தொகுப்பு அச்சாகி நான்கு பள்ளிகளுக்கும் போன பிறகு என் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், பத்துக்குப் பிறகு வலி மிகும்னு நீங்கதானே சொன்னீங்க?”

அன்று மாலையே அவருக்கு அழைத்தேன். “நீங்க அடிச்சது எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்? எனக்கு ரெண்டு வரியும் கேட்டுச்சு. ஒன்னு கேள்வி, ஒன்னு விடைன்னு நெனச்சேன்,” என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, “மூனு வாரமா சிவப்புல இருக்கு, பச்சையில இருக்குன்னு பேசிக்கிட்டீங்க. ஒவ்வொரு தடவையும் கேட்டா வேலையத் தாமதப்படுத்துற மாதிரி இருக்குமேன்னு விட்டுட்டேன்,” என்றார்.

அவர் சொன்ன ‘சரி’யை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் இந்த மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து கற்றேன். கற்றதை இங்கே பகிர்கிறேன்.

திரை வாசிப்பான் எதை வாசிக்கிறது?

பெயரைக் கேட்டதும் திரையில் தெரிவதை அப்படியே பார்த்துச் சொல்லும் கருவி என்று நினைத்துவிடுகிறோம். அது திரையைப் பார்ப்பதே இல்லை. திரைக்குப் பின்னால் மென்பொருள் கொடுக்கும் தகவலைத்தான் வாங்கிச் சொல்கிறது: இது தலைப்பு, இரண்டாம் நிலை, இது பட்டன், பெயர் ‘அனுப்பு’, இது தேர்வுப்பெட்டி, டிக் போட்டிருக்கிறது. மென்பொருள் சொல்லாததை அதனாலும் சொல்ல முடியாது.

விண்டோஸ் கணினியில் பலர் பயன்படுத்துவது என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலர் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கியது. இலவசம், தமிழ் இடைமுகமும் உண்டு. ஜாஸ் என்பது விலை கொடுத்து வாங்குவது. ஐபோனில் வாய்ஸ்ஓவர் 2009 முதல் கூடவே வருகிறது; ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக். ஆக, உங்கள் கைப்பேசியிலேயே இப்போது ஒன்று இருக்கிறது, திறந்து பார்க்காமல் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நாம் ஒரு பக்கத்தைத் திறந்ததும் கண் அங்குமிங்கும் ஓடி, தலைப்பு எங்கே, அட்டவணை எங்கே என்று ஒரு நொடியில் அளந்துவிடும். காதுக்கு அந்த வசதி கிடையாது. ஒலி ஒரு நூல் மாதிரி, முன்னும் பின்னுமாகத்தான் போகும். இருபது பக்கக் கோப்பில் பதினேழாம் கேள்வியைத் தேட வேண்டுமென்றால்? தலைப்புகள் முறையாக இருந்தால் அவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவார். என்விடிஏ-வில் இணையப் பக்கமாக இருந்தால் எச் விசை. தட்டத் தட்ட அடுத்த தலைப்பு. இன்செர்ட்டும் எஃப்7-உம் சேர்த்து அழுத்தினால் தலைப்புகளின் பட்டியலே வந்துவிடும். நாம் பொருளடக்கத்தைப் பார்ப்பதுபோல.

நாங்கள் என்ன செய்திருந்தோம்? தலைப்பு என்று நினைத்ததையெல்லாம் எழுத்தைப் பெரிதாக்கி, தடித்த எழுத்தாக்கி, நடுவில் வைத்திருந்தோம். கண்ணுக்குத் தலைப்பு. மென்பொருளுக்கு அது கொஞ்சம் பெரிய சாதாரண வரி. அவரிடம் இருந்தது தலைப்பே இல்லாத இருபது பக்கம்.

நிறமும் குறுக்குக்கோடும் இன்னும் மோசம். என்விடிஏ வழக்கமான அமைப்பில் எழுத்தின் நிறத்தையோ அடித்த கோட்டையோ சொல்லாது. எல்லாவற்றையும் சொன்னால் காது வெடித்துவிடும் என்பதால் அப்படி. வேண்டுமென்றால் கேட்கலாம், கேட்ட இடத்தில் சொல்லும். ஆனால் எங்கே கோடு இருக்கிறது என்று தெரியாதவர் எந்த இடத்தில் நின்று கேட்பார்?

மென்பொருள் செய்ய வேண்டிய பங்கு

முழுப்பழியையும் நாமே சுமக்க வேண்டியதில்லை. சேர்ந்து வேலை செய்யும் மென்பொருளில் அதைத் தயாரிப்பவர் செய்யாவிட்டால் வேறு யாராலும் செய்ய முடியாத வேலைகள் உண்டு. அவற்றுக்கு டபிள்யூசிஏஜி என்னும் உலக நெறிமுறை இருக்கிறது. முதல் பதிப்பு 1999-இல் வந்தது, 2.0 பதிப்பு 2008-இல், 2.1 பதிப்பு 2018-இல், 2.2 பதிப்பு 2023-இல்.

முதலாவது, பெயர். ஒவ்வொரு பட்டனுக்கும் மென்பொருளுக்குள் ஒரு பெயர் இருக்க வேண்டும். வெறும் காகித விமானப் படம் போட்டுவிட்டுப் பெயர் வைக்காமல் போனால், கேட்பவருக்கு ‘பட்டன்’, ‘பட்டன்’, ‘பட்டன்’ என்று மட்டும் வரும். எது அனுப்புவது, எது அழிப்பது? ஒரு வகுப்பில் நாற்பது பேரையும் ‘மாணவன்’, ‘மாணவன்’ என்று மட்டும் கூப்பிட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான்.

இரண்டாவது, விசைப்பலகை. சுட்டியால் செய்யும் எல்லாவற்றையும் விசையாலும் செய்ய முடிய வேண்டும். அட்டைகளை இழுத்து ஒரு பத்தியிலிருந்து இன்னொரு பத்திக்கு நகர்த்தும் பலகைகள் இருக்கின்றனவே, அவற்றில் இதுதான் சிக்கல். 2.2 பதிப்பில் இழுத்து நகர்த்துவதற்கு மாற்று வழி ஒன்று இருக்க வேண்டும் என்று தனி விதியே சேர்த்திருக்கிறார்கள். ‘இங்கே நகர்த்து’ என்று ஒரு பட்டியல் வைத்தால் போதும். கேட்பதற்குச் சின்ன விஷயம்.

மூன்றாவதுதான் சேர்ந்து வேலை செய்யும் மென்பொருளுக்கே உரிய பிரச்சினை. நீங்கள் ஒரு வரியைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் மேலே எழுதுகிறார், வேறொருவர் செய்தி அனுப்புகிறார், நான்காமவர் உள்ளே வருகிறார். நமக்கு இவை கடைக்கண்ணில் படும். கவனித்தும் கவனிக்காமலும் வேலையைத் தொடர்வோம். காதுக்குக் கடைக்கண் கிடையாது. சொல்லாவிட்டால் அவருக்கு நடந்ததே தெரியாது. எல்லாவற்றையும் சொன்னால், தாம் எழுதும் வரியையே அவரால் கேட்க முடியாது.

இதற்கு இணையத் தொழில்நுட்பத்தில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. மாறிக்கொண்டே இருக்கும் பகுதியை ‘உயிர்ப்பகுதி’ என்று குறித்து, அதில் வரும் செய்தி பணிவானதா அவசரமானதா என்று நிரலர் எழுதிவைக்கலாம். பணிவான செய்தி, இப்போது வாசித்துக்கொண்டிருப்பது முடியும்வரை வாசலில் நிற்கும், பிறகு சொல்லும். அவசரமான செய்தி வாசிப்பை வெட்டிவிட்டு உள்ளே நுழையும். ‘கோப்பு சேமிக்கப்பட்டது’ என்பது பணிவு. ‘இணையத் தொடர்பு அறுந்தது’ என்பது அவசரம். ஆனால் எதற்கெடுத்தாலும் அவசரம் என்று குறித்துவைக்கும் செயலிகளும் இருக்கின்றன. ஆசிரியர் அறையில் கதவைத் தட்டாமல் நுழையும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். 2018-இல் வந்த 2.1 பதிப்பு, நிலையறிவிப்புகள் கர்சரை இடம் மாற்றாமலேயே திரை வாசிப்பானுக்குத் தெரிய வேண்டும் என்று விதித்தது.

ஸூம் இதை ஓரளவு நன்றாகச் செய்கிறது. யார் உள்ளே வந்தார், யார் கை உயர்த்தினார், அரட்டையில் என்ன வந்தது என்பவற்றில் எதைக் கேட்க வேண்டும், எதை வேண்டாம் என்று அணுகல் அமைப்பில் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். கூகுள் டாக்ஸில் முதலில் திரை வாசிப்பான் ஆதரவை இயக்க வேண்டும். கன்ட்ரோல், ஆல்ட், இசட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இயங்கும். இதைச் செய்யாமலேயே ‘கோப்பு வேலை செய்யவில்லை’ என்று விட்டவர்கள் பலர் இருப்பார்கள்.

மலேசியாவில் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், தகவல், தொடர்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பெறும் உரிமையைச் சொல்கிறது. ஒரு செயலியைப் பள்ளிக்குத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் இருந்தால், ‘இதை விசைப்பலகையில் மட்டும் ஓட்டிக் காட்டுங்கள்’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விற்க வந்தவர் திணறுவதிலிருந்தே பாதி தெரிந்துவிடும்.

நம் பங்கு

மென்பொருள் கதவு வைத்திருந்தாலும் நாம் ஜன்னல் வழியாக ஏறிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? எங்கள் குழுவில் நடந்தது அதுதான். கூகுள் டாக்ஸில் கருத்துரை வசதி இருக்கிறது, பரிந்துரை நிலை இருக்கிறது. நாங்களோ வரிகளுக்கு நடுவிலேயே சிவப்பில் பேசிக்கொண்டிருந்தோம்.

கருத்துரையாக எழுதியிருந்தால் அது தனிப் பொருள். யார் எழுதினார், எந்தச் சொல்லுக்கு எழுதினார் என்பது கூடவே இருக்கும். அவர் அடுத்த கருத்துரை, அதற்கடுத்த கருத்துரை என்று விசையால் தாவலாம். பரிந்துரை நிலையில் நீக்கியிருந்தால் ‘நீக்கப் பரிந்துரை’ என்பது மென்பொருளுக்குத் தெரிந்த செய்தி. திரை வாசிப்பானுக்கும் போய்ச் சேரும். என் சிவப்பும் கோடும் மென்பொருளைப் பொறுத்தவரை வெறும் அலங்காரம். கருத்துரை சேர்க்க வேர்டிலும் டாக்ஸிலும் ஒரே விசைதான்: கன்ட்ரோல், ஆல்ட், எம்.

தலைப்புக்கும் அப்படியே. கன்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்தினால் முதல் நிலைத் தலைப்பு. 2 அழுத்தினால் இரண்டாம் நிலை. இரண்டு மென்பொருளிலும் இதே. பகுதிக்கு ஒன்று, கேள்விக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டோம். எழுத்தின் அளவு பிடிக்கவில்லை என்றால் பாணியை மாற்றிக்கொள்ளலாம், தலைப்பு தலைப்பாகவே இருக்கும். இதில் நமக்கும் ஆதாயம் உண்டு: பொருளடக்கம் தானாக வந்துவிடுகிறது.

நிறம் போடக்கூடாதா? போடுங்கள். நிறம் மட்டும் போடாதீர்கள். புள்ளிப்பட்டியலில் ‘முடித்தவர்கள் உங்கள் பெயரைப் பச்சையாக்குங்கள்’ என்கிறோமே, பக்கத்துப் பத்தியில் ‘முடிந்தது’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். நிறக்குருடு உள்ள ஆசிரியருக்கும் இது உதவும்; அவர்கள் வெளியே சொல்வதில்லை.

அட்டவணையில் கட்டங்களை இணைப்பதைத் தவிருங்கள். திரை வாசிப்பானில் கன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி வைத்துக் கட்டம் கட்டமாக நகர்வார்கள். இணைத்த கட்டத்தில் எந்த வரிசை, எந்தப் பத்தி என்ற கணக்கு குழம்பிவிடும். நம் புள்ளிப் பதிவுக் கோப்புகளின் மேல்பகுதியை நினைத்துப் பாருங்கள். எத்தனை இணைப்பு! அதில் பல மேலிடத்திலிருந்து வரும் கோப்புகள், நம்மால் மாற்ற முடியாது. நான் இணைப்பில்லாத ஒரு நகல் எடுத்து அவருக்கு அனுப்புகிறேன். அவர் நிரப்பியதை மறுபடி ஒட்டுகிறேன். இது தீர்வல்ல, ஒட்டுப்போடும் வேலை. எனக்கும் தெரியும்.

படத்துக்கு மாற்று உரை எழுதுவது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். கேள்வித்தாளில் வரும் படத்துக்கு எழுதும்போது விடையைச் சொல்லிவிடாதீர்கள். ‘மரபுத்தொடரைக் கண்டுபிடி’ என்ற படத்துக்கு ‘கங்கணம் கட்டுதல்’ என்று மாற்று உரை போட்டால் கேள்வி போயிற்று. ‘ஒருவர் தம் கையில் காப்புக் கட்டிக்கொள்கிறார்’ என்று தெரிவதை எழுதுங்கள்.

தமிழுக்கே உரிய சில சிக்கல்கள்

இது ஆங்கிலக் கட்டுரைகளில் கிடைக்காத பகுதி, அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம்.

நம் பள்ளிகளில் பழைய கேள்வித்தாள்கள் குவிந்து கிடக்கின்றன. ஒருங்குகுறிக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டியவை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்தன. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று தெரிவது, கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தாம். நமக்கு அம்மா தெரிகிறார். திரை வாசிப்பானுக்கு ‘எம் கே செமிகோலன் கே எச்’. ஒரு பக்கம் முழுக்க இப்படிக் கேட்டுப் பாருங்கள், தலை சுற்றும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ‘கொ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் அதே வரிசையில் முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். ஒருங்குகுறியில் முதலில் ‘க’, அதன் பிறகுதான் உயிர்க்குறி. அதாவது ஒலிக்கும் வரிசை. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் என்று நம் இலக்கணம் சொல்லும் அதே வரிசை! அதனால்தான் ஒருங்குகுறித் தமிழை இயந்திரக் குரல் நேராக வாசிக்க முடிகிறது.

தமிழ் 1991-இல் வந்த ஒருங்குகுறியின் முதல் பதிப்பிலேயே இருக்கிறது. தமிழ்க் கணிமைக்கு நம் வட்டாரம் கொடுத்ததும் குறைவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கினார், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனை உருவாக்கியதோடு 1997-இல் தமிழ் இணைய மாநாட்டையும் அங்கே நடத்தினார். இத்தனை ஆண்டு கழித்தும் பழைய எழுத்துருக் கோப்பை நாம் சுற்றில் விட்டுக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம்தான். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு கோப்பு என்று தொடங்குங்கள்.

படம் எடுத்த பிடிஎஃப் இதைவிட மோசம். கைப்பேசியில் பக்கத்தைப் படம்பிடித்துப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் அதில் எழுத்தே இல்லை, வெறும் படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தையும் அடையாளம் கண்டு தரும். பிழை இருக்கும், ள-வும் ன-வும் இடம் மாறும். ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். மாணவர்களே, விடுமுறையில் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்று கேட்பீர்களே, இதோ வேலை. திருத்தத் திருத்த உங்கள் எழுத்துப்பிழையும் குறையும்.

குரல் பற்றியும் சொல்ல வேண்டும். என்விடிஏ-வோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் வாசிக்கும். இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் மிக வேகமாக ஓட்டினாலும் தெளிவு கெடாது என்பதால் பழகியவர்கள் அதையே விரும்புகிறார்கள். மைக்ரோசாப்டிடம் இந்தியத் தமிழுக்கு மட்டுமல்ல, மலேசியத் தமிழுக்குக் கனி, சூர்யா என்றும் சிங்கப்பூர்த் தமிழுக்கு வெண்பா, அன்பு என்றும் குரல்கள் உண்டு. எட்ஜ் உலாவியில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் நீங்களே கேட்கலாம்.

எந்தக் குரலாக இருந்தாலும் ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் வேகத்தில் காதுக்குத் தெளிவாக விழாது. ஒற்று மிகுந்ததா இல்லையா என்பதும் அப்படியே. ஆகவே அந்த டீச்சர் ஐயம் வந்த சொல்லில் அம்புக்குறியை அழுத்தி எழுத்தெழுத்தாகக் கேட்பார். நம்மைவிட அதிக நேரம் ஆகும்; நம்மைவிட அதிகப் பிழை கண்டுபிடிப்பார். ஆகவே கோப்பை முன்னிரவில் அனுப்பிக் காலையில் ‘சரியா?’ என்று கேட்கும் பழக்கத்தை நாங்கள் விட்டோம். இரண்டு நாள் முன்னதாக அனுப்புகிறோம்.

புலனமும் ஸூமும்

புலனக் குழுவில் நமக்கொரு பழக்கம் உண்டு. பெயர்ப்பட்டியல் ஒன்று வரும்; ஒவ்வொருவரும் அதை நகலெடுத்து, தம் பெயரைச் சேர்த்து, மறுபடி ஒட்டுவோம். முப்பது பேர் என்றால் முப்பது பட்டியல். நாம் கடைசியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். கேட்பவருக்கோ ஒவ்வொரு பட்டியலும் முதல் பெயரிலிருந்து தொடங்கும். வாக்கெடுப்பு வசதி அங்கேயே இருக்கிறது, அல்லது பகிர்கோப்பில் ஒரு பட்டியல் வையுங்கள்.

வாழ்த்துச் செய்தியில் பத்துப் பூங்கொத்து, பத்துக் கைத்தட்டல் போடுகிறோம். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வாசிக்கும். ஒன்று போட்டாலும் அன்பு குறையாது.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பக்க அறிக்கையைப் படமாகத் தயாரித்துப் போடுகிறோம், கூட்ட அறிவிப்பையும் அலங்காரப் படமாகவே போடுகிறோம். படத்துக்குக் கீழே நாள், நேரம், இடம் மூன்றையும் தட்டிவிடுங்கள். இதைச் செய்யத் தொடங்கிய பிறகு பார்வையுள்ளவர்களும், ‘நல்ல வேளை டீச்சர், தேடினா கிடைக்குது’ என்கிறார்கள்.

ஸூம் சந்திப்பில் திரையைப் பகிர்ந்துவிட்டு ‘இதோ, இந்த இடத்தைப் பாருங்கள்’ என்கிறோம். பகிர்ந்த திரை அந்தப் பக்கம் போய்ச் சேர்வது வெறும் காணொலியாகத்தான். திரை வாசிப்பானால் அதிலுள்ள ஓர் எழுத்தைக்கூட வாசிக்க முடியாது. கோப்பை முன்கூட்டியே அனுப்புங்கள். பேசும்போது ‘பகுதி இரண்டு, கேள்வி ஒன்பது, இரண்டாம் வரி’ என்று இடம் சொல்லுங்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அரட்டையில் செய்தி குவிந்தால் அவர் காதில் இரண்டு குரல் ஒரே நேரத்தில் கேட்கும். அவசியமில்லாததைப் பேச்சு முடிந்த பிறகு போடலாம்.

மாணவர்களே, கருத்து விளக்கக் கட்டுரையில் தொழில்நுட்பம் பற்றிக் கேட்டால் ‘தொழில்நுட்பம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு வரப்பிரசாதம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறீர்கள். திருத்துபவர் அதை ஐம்பது தாளில் படித்துச் சலித்திருப்பார். தலைப்புப் பாணி இல்லாத கோப்பு ஒன்றையும் பெயரில்லாத பட்டன் ஒன்றையும் எடுத்துக்காட்டாக எழுதுங்கள். கருத்துக்கு விளக்கமும் சான்றும் வந்துவிடும்.

வேர்டில் ‘மறுபார்வை’ப் பட்டியலில் அணுகல் சரிபார்ப்பு என்று ஒரு வசதி இருக்கிறது, மாற்று உரை இல்லாத படம், இணைத்த கட்டம் போன்றவற்றைச் சுட்டிக்காட்டும். அது நல்ல தொடக்கம். ஆனால் அது பார்த்துச் சொல்லாதவை பல உண்டு. அதனால் ஒருநாள் நான் என்விடிஏ-வை இறக்கி, மடிக்கணினித் திரையின் வெளிச்சத்தை முழுதும் குறைத்துவிட்டு, நானே தயாரித்த அந்தப் பழைய தொகுப்பில் ‘பத்துப் பாடல்கள்’ கேள்வியைத் தேடினேன். பதினைந்து நிமிடம் போராடியும் கிடைக்கவில்லை. புதிய கோப்பில் தலைப்பு வழியாகத் தேடினேன். பழக்கமில்லாத எனக்கே இரண்டு நிமிடத்தில் கிடைத்தது.

அந்த டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன். “எந்த வேகத்துல வெச்சுக் கேட்டீங்க?” என்றார். சொன்னேன். சிரித்துவிட்டார். “கூட்டுங்க டீச்சர், அந்த வேகத்துல கேட்டா எனக்குத் தூக்கம்தான் வரும்.”